வெளுத்த சிவப்பு

சிவப்பு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டு யாரும் பி.வி. மேட்சிங் சென்டருக்குள் நுழைந்துவிட முடியாது. "எந்தச் சிவப்புக்கா?" என்று வானதி மடக்குவாள். அரக்கா, மெரூனா, மிளகாய்ப்பழமா, மாதுளையா, செங்கல்லா என்று அவள் அடுக்க ஆரம்பித்தால், வந்தவள் பையிலிருந்து புடவையை எடுத்து மேசையில் போட்டுவிட்டு, "நீயே பாரும்மா" என்று சரணடைவாள். புடவையைப் பார்த்த கண் திரும்பும்போதே கை போய் அலமாரியில் ஒரு ரவிக்கைத் துணியை உருவியிருக்கும். எடுத்து எடுத்து ஒப்பிடுவது, உதட்டைப் பிதுக்குவது எல்லாம் அவளிடம் கிடையாது. அதன் பிறகு வாசலுக்குப் போய் வெயிலில் புடவையையும் துணியையும் சேர்த்துப் பிடித்துக் காட்டுவாள். எல்லா மேட்சிங் கடையிலும் உள்ள வழக்கம்தான் அது. டியூப் லைட் பொய் சொல்லும், வெயில் சொல்லாது என்பார்கள் துணிக்கடைக்காரர்கள். வந்தவர்களின் திருப்திக்காக அவள் அதைச் செய்தாளே தவிர, அவளுக்கு வெயில் தேவைப்பட்டதே இல்லை.

பி என்றால் பர்வின், வி என்றால் வானதி. "பி.வி.ங்கிறது உங்கப்பா பேரா பாப்பா?" என்று கேட்டவர்கள் திருத்துறைப்பூண்டியில் பாதிப்பேர். மீதிப்பேர் கேட்காமலே அப்படி முடிவு செய்துகொண்டவர்கள். இரண்டு பெண்கள், ஒருத்தி ராவுத்தர் வீட்டுப் பெண், இன்னொருத்தி கடைமடையில் குத்தகைக்கு நெல் போடும் கமலாம்பாளின் மகள், சேர்ந்து ஒரு கடை நடத்த முடியும் என்று ஊருக்கு நம்பிக்கை வரச் சில தீபாவளிகள் ஆயின. பர்வினின் அத்தா பக்கீர் முகம்மது தன் கைலிக்கடையை நடுவில் பலகை வைத்துத் தடுத்து முன்பாதியை இவர்களுக்குக் கொடுத்தார். "சண்டை போட்டுக்கிட்டு ஆறு மாசத்துல நீங்களே பலகையை எடுத்துக் குடுத்துருவீங்க" என்றார் அன்றைக்கு. பலகை இன்னும் அப்படியே இருக்கிறது. சண்டைக்கும் குறைவில்லை.

சண்டை கடையில் தொடங்கியதும் இல்லை. அதற்குப் பல வருடம் முன்னால், திருவாரூர் கல்லூரிக்குப் போகும் பேருந்தில் தொடங்கியது. அந்தப் பேருந்தை நினைத்தாலே வானதிக்கு இப்போதும் முகம் மலர்ந்துவிடும். ஜன்னலோரம் யாருக்கு என்பதில் முதல் சண்டை. பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் அடுத்த சண்டை. நடவுக்காலத்தில் சாலையின் இருபுறமும் பெண்கள் குனிந்து வரிசையாய் நட்டுக்கொண்டிருப்பார்கள். புடவைக்கு மேலே வீட்டு ஆம்பளைகளின் பழைய சட்டை, தலையில் கட்டிய துண்டு, சேற்றில் ஊறி ஊறி நிறம் போன புடவை. அந்தப் புடவை கடையில் வாங்கிய அன்றைக்கு என்ன நிறமாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டும். அதுதான் விளையாட்டு. பேருந்து ஒரு வயலைக் கடப்பதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோற்றதாகக் கணக்கு.

"அது வெங்காயக் கலர்டி."

"மண்ணாங்கட்டி. ராணி கலர் வெளுத்தா அப்படித்தான் இருக்கும். மடிப்புக்குள்ள பாரு, அங்க வெயில் படல."

ஓடுகிற பேருந்திலிருந்து மடிப்புக்குள்ளே பார்க்கிற கண் வானதிக்கு வாய்த்திருந்தது. பர்வின் பச்சையில் கெட்டிக்காரி. கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, பிஸ்தா, மயில்கழுத்து என்று எதிலும் ஏமாற மாட்டாள். சிவப்பு என்று வந்துவிட்டால் வானதியை அடித்துக்கொள்ள ஆளில்லை. சில நாள் ஜெயித்தவளுக்கு மற்றவள் பஸ் ஸ்டாண்டில் முறுக்கு வாங்கித் தருவாள், சில நாள் ஜெயித்தவளோடு பேசாமலே வகுப்புக்குப் போவாள். கடை போட வேண்டும் என்ற எண்ணமே அந்த விளையாட்டிலிருந்துதான் வந்தது. அதற்கு முன்பு இரண்டு பேருக்கும் வாத்தியார் வேலைதான் கனவு. நல்லவேளை, பிள்ளைகள் தப்பித்தார்கள்.

பிறகு பர்வினுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஷஹ்பாஸ் முத்துப்பேட்டைக்காரன். ஷார்ஜாவில் ஒரு பெரிய மளிகைக் கடையில் சூப்பர்வைசர். கல்யாணம் முடிந்த ஈரம் காய்வதற்குள் விமானம் ஏறிவிட்டான். அப்புறம் லீவு கிடைத்தபோது வந்தான், போனான். பர்வின் போனிலேயே குடித்தனம் நடத்தினாள். வாடிக்கையாளர் இல்லாத மத்தியானங்களில் போனைத் துணிச்சுருள்களின் மேல் சாய்த்து வைத்து, "மச்சான், சாப்பிட்டீங்களா?" என்று அவள் கேட்கும்போது வானதி எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். கேலி பேசுகிறவள்தான். அந்த நேரத்தில் மட்டும் கேலி வராது. போன் வைத்த பிறகு பர்வினின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இருந்ததில்லை.

இந்தப் பங்குனியில் ஒருநாள் பர்வின் ஓடிவந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஃபேமிலி விசா வந்துவிட்டது, ஷஹ்பாஸ் வீடு பார்த்துவிட்டான், வைகாசியில் புறப்பட வேண்டும். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீ தனியா என்னடி பண்ணுவ?"

"உனக்குப் பச்சையைத் தவிர என்ன தெரியும்? நீ இருந்துதான் கடை ஓடுதாக்கும்" என்றாள் வானதி. "பேசாம போய்ப் புருஷனுக்கு மீன் கொழம்பு வச்சுக் குடு. நான் பாத்துக்கறேன். நான் இருக்கற வரைக்கும் இந்தக் கடைலேர்ந்து ஒரு தப்புத் துணி வெளில போவாது."

பர்வின் அதை நம்பினாள். அந்த ஒரு வாக்கை வைத்துத்தான் பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

சித்திரைத் தொடக்கத்தில் வானதிக்கு இடது கண் வலித்தது. சும்மா இருந்தால் வலி இல்லை. கண்ணை இப்படி அப்படி உருட்டினால் உள்ளே யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருந்தது. வெயிலுக்கு என்று விட்டுவிட்டாள். பிறகு ஒரு காலை, கண்ணாடி முன்னால் நின்று வலது கண்ணை மூடி மை தீட்டிக்கொண்டிருந்தபோது, நெற்றியில் இருந்த பொட்டு அவளுக்கு விசித்திரமாகத் தெரிந்தது. நல்ல மிளகாய்ப்பழச் சிவப்புப் பொட்டு அது. இப்போது மழையில் நனைந்த செங்கல் போல இருந்தது. நடுவில் ஒரு சாம்பல் திட்டு. அவள் இடது கண்ணை மூடி வலது கண்ணைத் திறந்தாள். பொட்டு பளிச்சென்று பழையபடி இருந்தது. மறுபடி மாற்றினாள். செங்கல். அவள் மைக்குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

கமலாம்பாள் மகளுக்கு நந்தியாவட்டைப் பூ பறித்து வந்து, படுக்கும்போது கண்மேல் வைத்துக் கட்டினாள். "சூடு புடிச்சிருக்கு, எறங்கிடும்" என்றாள். கடைத்தெருக் கண்ணாடிக் கடைக்காரர் எழுத்துகளைக் காட்டிவிட்டு, பவர் எல்லாம் சரியாக இருக்கிறது, போன் பார்ப்பதைக் குறையுங்கள் என்றார். வேண்டுமானால் தஞ்சாவூர் போய்ப் பெரிய கண்ணாஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சைத்தான் வானதி காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

தஞ்சாவூருக்குப் போனால் பர்வினுக்குத் தெரியும். தெரிந்தால் அவள் விமானம் ஏற மாட்டாள். பர்வினைப் பற்றி வானதிக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை வருடம் போனில் குடித்தனம் நடத்தியவள், இன்னும் ஒரு வருடம் நடத்துகிறேன் என்று பெட்டியைப் பிரித்துவிடுவாள். வைகாசிக்கு என்ன, இதோ வந்துவிடும். பர்வின் ஏறட்டும், அப்புறம் தஞ்சாவூர் என்ன, சென்னைக்கே போகலாம் என்று கணக்குப் போட்டாள். படித்த பெண் போட்ட கணக்கு இது. கண் என்ன வாய்தா கொடுத்துவிட்டுக் காத்திருக்குமா?

கடையில் அவள் சமாளித்தாள். வலது கண் இருக்கிறதே. அதையும் மீறிச் சந்தேகம் வந்தால் பேருந்து விளையாட்டு கைகொடுத்தது. வெளுத்ததைப் பார்த்து வெளுக்காததைச் சொல்ல அவளுக்கா தெரியாது? இந்த அளவு வெளுத்திருக்கிறது என்றால் அசல் மெரூன், இந்த அளவு என்றால் அரக்கு. சுருள்களின் இடம் வேறு கைக்குப் பழக்கம். பர்வின் ஒருநாள், "என்னடி இப்பல்லாம் நின்னு நின்னு எடுக்கற?" என்று கேட்டதற்கு, அத்தா புதிதாக மாட்டிய எல்.ஈ.டி. விளக்கின் மேல் பழியைப் போட்டாள். "அந்த வெளிச்சத்துல எல்லாமே செத்துப் போயித் தெரியுது." பக்கீர் முகம்மது முனகிக்கொண்டே விளக்கை மாற்றினார். மாற்றிய பிறகும் எல்லாம் செத்துப் போய்த்தான் தெரிந்தது. வானதி அதைச் சொல்லவில்லை. தெரியுதாடி என்று பர்வின் கேட்டபோது, "ம், தெரியுது, தெரியுது" என்றாள்.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம், வேதாரண்யம் சாலையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து கலைமகள் என்ற கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். கூறைப்புடவைக்கு ரவிக்கைத் துணி வேண்டும், அதில் ஆரி வேலைப்பாடு செய்யக் கொடுக்க வேண்டும். பர்வின் அன்று துணிமணி வாங்க அத்தாவோடு போயிருந்தாள். வானதி அப்போதுதான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தாள். உடம்பு சூடேறினால் பார்வை இன்னும் மங்குகிறது என்பதை அவள் கவனித்திருந்தாள், ஏன் என்றுதான் தெரியாது. வலது கண்ணை நம்பிப் புடவையைப் பார்த்தாள். அலமாரிக்குத் திரும்பி ஒரு துணியை உருவினாள். "வாசலுக்கு வாங்கம்மா, வெயில்ல பாத்துடலாம்" என்று வழக்கப்படி சொன்னாள்.

"எதுக்கும்மா, உன் கையிலயா தப்பு வரும்? பஸ்ஸு போயிடும், வெட்டிக் குடு" என்றாள் கலைமகளின் அம்மா.

அந்தப் பாராட்டு வானதிக்கு அன்று பெரிய நிம்மதியாக இருந்தது. வெட்டிக் கொடுத்தாள். அவள் நம்பிக்கொண்டிருந்த வலது கண்ணும் அன்று காலையிலேயே அவள் காலை வாரத் தொடங்கியிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

வைகாசி பிறந்ததும் தாயும் மகளும் திரும்பி வந்தார்கள். அம்மா கூறைப்புடவையை மேசையில் விரித்து, அதன் மேல் ரவிக்கையை வைத்தாள். கை நிறையச் சரிகை மயில், முதுகில் முத்து, ஜன்னல் வைத்த கழுத்து என்று ஆரிக்காரப் பெண் கண்ணைக் கொட்டி வேலை செய்திருந்தாள். புடவை அரக்கு. ரவிக்கை பழுப்பேறிய செங்கல். பர்வின் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கலைமகள் அழுதுகொண்டிருந்தாள்.

"இது நம்ம கடைத் துணியா?" என்று பர்வின் கேட்டாள். அவளுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

"ஒம்ம கூட்டாளிதான் வெட்டிக் குடுத்துது. நான்தான் வெயில்ல பாக்காம வாங்கிட்டுப் போனேன், எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும். தச்சு முடிஞ்சு பாக்கறோம், இப்படி இருக்கு."

வானதி மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புடவையும் ரவிக்கையும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அன்று காலையிலிருந்தே கடை முழுக்கப் புகை படிந்த மாதிரி இருந்தது. எதிரே நின்றவளின் முகத்தில் மூக்கு எங்கே, கண் எங்கே என்றுகூடப் பிடிபடவில்லை.

பர்வின் அலமாரியிலிருந்து இரண்டு துணிகளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"இதுல எது அரக்கு?"

"ஆளுங்க நிக்கறாங்க, விளையாடாத."

"எதுடி அரக்கு?"

வானதி குனிந்து பார்த்தாள். இடது பக்கத் துணி கொஞ்சம் கூடுதலாக இருட்டியிருந்தது. அதைத் தொட்டாள்.

கலைமகள்கூட அழுகையை நிறுத்திவிட்டாள்.

"ரெண்டுமே பாக்குக் கலர்டி" என்றாள் பர்வின். "இதுல அரக்கே இல்ல. வானதி, உனக்குக் கண்ணு தெரியலையா?"

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? வானதி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். எப்போதிலிருந்து என்று பர்வின் கேட்டாள். விசா வந்து கொஞ்ச நாளிலிருந்து என்றாள் வானதி. பர்வினுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவளுக்கு வந்த கோபம் ஊர் முழுக்கக் கேட்டது.

"நான் போறதுக்கு நீ உன் கண்ணைக் குடுப்பியா? யாருடி கேட்டா உன்கிட்ட? உன் கண்ணை மிதிச்சுக்கிட்டு நான் போய் அங்க மீன் கொழம்பு வைக்கணுமா? பைத்தியக்காரி!"

திட்டிக்கொண்டே அவள் வானதியின் கையைப் பிடித்து எழுப்பினாள். பக்கீர் முகம்மது அதற்குள் வாசலில் வாடகைக் கார் பிடித்திருந்தார். கலைமகளின் அம்மாவைப் பார்த்து, "ரவிக்கைக்கு நான் பொறுப்பும்மா, முகூர்த்தத்துக்கு முன்னாடி சரியான கலர்ல வேலைப்பாட்டோட உங்க வூட்டுக்கு வரும்" என்றார். அந்த அம்மா, "ரவிக்கை கெடக்குதுங்க, மொதல்ல அந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். கோபமாய் வந்த மனுஷிதான் அவள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வானதியின் கண்ணில் மாற்றி மாற்றி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டு வானதியையும் பர்வினையும் கூட வந்திருந்த கமலாம்பாளையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா. கண்ணுலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பாப் புரிஞ்சுக்கிட்டு அந்த நரம்பத் தாக்குது. உங்க வயசுப் பொண்ணுங்களுக்குத்தான் அதிகமா வருது. மொதல்ல போறது சிவப்புதான். கலர் வெளுத்துத் தெரிஞ்சப்பவே வந்திருக்கணும்."

கமலாம்பாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப மதகு நல்லாத்தான் இருக்கு, வாய்க்கால்லதான் கோளாறுங்கிறீங்க" என்றாள். டாக்டரம்மா ஆமாம் என்றார். "நான் மதகு மேல பூவ வச்சுக் கட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வானதிக்கு நரம்பில் மருந்து ஏற்றினார்கள். வாயெல்லாம் இரும்புக் கசப்பு, தூக்கமும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் புகை, மூடினால் திருவாரூர் பேருந்து. அவள் மூடியே வைத்திருந்தாள். மூடிய கண்ணுக்குள் எல்லா நிறங்களும் இருந்தன. கல்லூரி விழாவுக்குப் பர்வின் கட்டிய மாம்பழ மஞ்சள் புடவை, அதற்கு அவள் தப்பாய்ப் போட்டுவந்த பச்சை வளையல். கடை திறந்த அன்று கமலாம்பாள் கட்டியிருந்த கத்திரிப்பூக் கலர் சுங்குடி. பர்வினின் நிக்காஹ் அன்று அவள் முகத்தில் போட்ட மாதுளைச் சிவப்பு மெல்லிய துணி. அந்தத் துணியைத் தேர்ந்தெடுத்தவளே வானதிதான். அப்போதெல்லாம் நிறத்தைப் பார்த்தோம் என்றுகூட நினைக்கவில்லை, சும்மா கிடைத்தது, பார்த்தோம். கண் இனி வராவிட்டாலும் இதெல்லாம் இருக்குமே என்று ஒரு சமாதானம். இதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உடனே ஒரு பயம்.

பர்வின் கட்டில் பக்கத்திலேயே இருந்தாள். டிக்கெட் தேதி வந்தது, போனது. ஷஹ்பாஸ் போனில் வானதியிடமே பேசினான். "நீங்க நல்லாகுங்க, மத்ததப் பின்னாடி பாத்துக்கலாம்" என்றான். அவன் குரலில் இருந்த ஏமாற்றத்தை அவன் எவ்வளவு மறைத்தும் வானதி கேட்டாள். மறைப்பதில் அவளுக்கு இப்போது நல்ல அனுபவம்.

"நீ போகலைன்னா நான் இந்த ஊசியப் புடுங்கிப் போட்டுடுவேன்" என்றாள் பர்வினிடம்.

"புடுங்கு, பாக்கலாம்."

"ஏண்டி என்னைப் பாவத்துல தள்ளுற? அவரு அங்க தனியா வீட்டப் புடிச்சு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

பர்வின் ஊசி குத்திய அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, ஒரு ஒப்பந்தம்" என்றாள். "என்னிக்கு உன் எடது கண்ணால ஒரு சிவப்பப் பாத்து அதோட பேரைச் சரியாச் சொல்றியோ, அன்னிக்கு நான் டிக்கெட் போடறேன். அது வரைக்கும் போகச் சொல்லாத. இந்தத் தடவ உன் வாய நம்ப மாட்டேன். நானே சோதிச்சுப் பாப்பேன்."

வலது கண் சீக்கிரமே தெளிந்தது. ஒரு காலை வானதி கண்ணைத் திறந்தபோது வார்டின் திரைச்சீலை பிஸ்தாப் பச்சையாக இருந்தது. அதைப் பார்த்து அவள் அழுததை நர்ஸ் வேறு என்னவோ என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்தாள். இடது கண் அப்படி இல்லை. புகை விலகியது, முகங்கள் தெரிந்தன, எழுத்தும் தெரிந்தது. நிறம் மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. சிலருக்கு முழுதாகத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் குறை நிற்கும், மறுபடி வலித்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும், மறைக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. கடைசி இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது பர்வினைப் பார்த்துச் சொன்னார்.

கலைமகளின் கல்யாணத்துக்கு வானதி போகவில்லை, அனுப்பிய படத்தைப் பார்த்தாள். ரவிக்கை நல்ல அரக்கு. ஆனி முழுக்க அவள் கடையில் உட்கார்ந்திருந்தாள், பர்வின்தான் துணி எடுத்தாள். சிவப்பில் பர்வின் தடுமாறும்போதெல்லாம் வானதி வலது கண்ணால் பார்த்துச் சொன்னாள். பழைய சண்டையும் பழைய சிரிப்பும் திரும்பின. ஒரு பக்கம் இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று வானதிக்கு ஆசையாகக்கூட இருந்தது. மத்தியானங்களில் பர்வின் போனைச் சாய்த்து வைக்கும்போது அந்த ஆசை மேல் அவளுக்கே வெறுப்பு வந்தது.

ஆடியில் ஒருநாள், "இப்பச் சோதிச்சுக்க" என்றாள்.

கடையில் யாரும் இல்லை. பர்வின் அலமாரிக்குப் போய் ஒரு சுருளிலிருந்து சின்னத் துண்டாகக் கத்தரித்தாள். பின்னால் வந்து நின்று, தன் உள்ளங்கையால் வானதியின் வலது கண்ணை இறுக்க மூடினாள். மற்றக் கையால் துண்டை முன்னால் நீட்டினாள்.

வானதி பார்த்தாள். வெளுத்த, பால் கலந்த மாதிரி ஒரு சிவப்பு. நடுவில் இன்னும் அந்தச் சாம்பல் திட்டு. அவள் ஏமாற்றவில்லை. உண்மையிலேயே முயன்றாள். மடிப்புக்குள்ளே பார்த்தாள். இது வெளுக்காமல் இருந்தால் என்னவாக இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். பர்வினின் உள்ளங்கை வியர்த்திருந்தது.

"மிளகாய்ப்பழம்" என்றாள்.

பர்வின் துண்டை மேசையில் போட்டாள்.

"சரியா?" வானதியின் குரல் கெஞ்சியது. பரீட்சை எழுதிய எந்தப் பிள்ளையும் இப்படிக் கேட்டிருக்காது.

"சரிதாண்டி" என்றாள் பர்வின். கையை எடுக்காமலே பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வானதிக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. ஷஹ்பாஸுக்கு அவள்தான் முதலில் போன் செய்தாள்.

புறப்படும் நாளில் பெட்டிகள் ஏறியதும் பர்வின் கடைக்குள் வந்து ஒவ்வொரு சுருளாகத் தடவிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பச்சைய ஒழுங்காப் பாரு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். திருச்சி விமான நிலையம் வரை பக்கீர் முகம்மதுவும் கூடப் போனார். வண்டி மன்னார்குடி சாலையில் திரும்பும் வரை வானதி கையாட்டிக்கொண்டே நின்றாள்.

உள்ளே வந்து, எதையாவது செய்ய வேண்டுமே என்று அலமாரி முழுக்க அடுக்கி முடித்து, மேசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள். டேப்புகளுக்கு அடியில் சின்னத் துண்டு ஒன்று கிடந்தது. இடது கைக்காரியான பர்வின் கத்தரித்தால் ஓரம் எப்போதும் கோணும். இதுவும் கோணியிருந்தது. அன்றைக்குக் கத்தரித்த துண்டு. வானதி அதை இரண்டு கண்ணாலும் பார்த்தாள். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

ராணி கலர்.

மிளகாய்ப்பழத்துக்கும் ராணி கலருக்கும் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூட வித்தியாசம் சொல்லும். வானதி நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"எங்கடி இருக்க?"

"மன்னார்குடி தாண்டிட்டோம். என்னடி?"

"அது ராணி கலரு."

வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பர்வின், "தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் சரின்ன?"

"நீ எத்தனை நாள் எங்கிட்ட தெரியுது தெரியுதுன்னு சொன்ன? நான் ஒரே ஒரு தடவ சொன்னேன்." அவள் அழுதுகொண்டிருந்தாள். "தப்புன்னு சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். நீ சரியான்னு கேட்ட பாரு... தப்புன்னு சொல்லி இருந்துடலாம்னு நெனச்சேன், என்னால முடியல வானதி. எனக்கு அவருகூட இருக்கணும். உன்கூடவும் இருக்கணும். நான் என்ன பண்ண? இப்பச் சொல்லு, வண்டியத் திருப்பச் சொல்றேன். சத்தியமாச் சொல்றேன்."

திருப்பு என்ற ஒரு வார்த்தை வானதியின் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அந்தியில் பர்வின் இந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். பழையபடி எல்லாம் இருக்கும்.

அப்போது ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பையிலிருந்து ஒரு மெரூன் புடவையை எடுத்து மேசையில் வைத்தாள். "இதுக்கு ஒரு பிட்டு குடும்மா, சரியான சிவப்பா" என்றாள்.

வானதி போனைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். வைக்கும்போது இணைப்பைத் துண்டிக்கவில்லை.

"அக்கா, எனக்கு எடது கண்ணுல சிவப்பு சரியாத் தெரியாது" என்றாள். இந்த வார்த்தைகளை அவள் வெளி ஆளிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. "வலது கண்ணு நல்லாருக்கு. கொஞ்சம் நேரம் எடுத்துப் பாப்பேன், பொறுத்துக்குங்க. தப்பு வராது."

"அதுக்கென்னம்மா, நிதானமாப் பாரு" என்று அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வானதி இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினாள். மேசையில் கிடந்த போனில் திருச்சி நோக்கிப் போகும் வண்டியின் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.